தனக்கு ஒன்றும் தெரியாது என்றவர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பயமெல்லாம் கிடையாது. ஒருவர் பெயரை எழுதினால் அவரைக் கொஞ்சமாவது மதித்து எழுத வேண்டும் என்று நினைக்கிறவள் நான். இவருக்கு அந்த அளவு மை செலவழிக்க மனசு வரவில்லை. நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்று கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி சாருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. பாதி மரத்தை வெட்டிவிட்டு, மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்து, வளைத்து வளைத்துப் பாதை போட்டு, ஆறு ஏடிவி வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலு குண்டுச் சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார், கால் போட்டு ஏறி உட்காருகிற சீட்டு. காருக்கும் பைக்குக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். சனி, ஞாயிறானால் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் கூட்டமாக வந்து, செம்மண்ணைத் தலையிலிருந்து கால்வரை பூசிக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் டிக்கெட் கொடுப்பேன், ஹெல்மெட் மாட்டிவிடுவேன். பிறந்தது கல்லாவி, வாழ வந்தது ஓசூர். கன்னடமும் தெலுங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் கற்றது. மூன்று பாஷையில் வாயாடத் தெரிந்ததுதான் என் படிப்பு, அதற்குத்தான் அந்த வேலை.

சார் எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. அந்தப் புழுதிக் காட்டில் அவர் மேல் மட்டும் ஒரு பொட்டு மண் ஒட்டாது. வண்டியில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் கை நீட்ட மாட்டார், ஷூ நுனியால் காட்டுவார். “அது என்னம்மா, அங்க கறுப்பா வழியுது?” என்பார். ஆயில் லீக்காகிறது என்று சொன்னால் உடனே இரண்டு கையையும் விரித்துவிடுவார்.

“எனக்கு என்னம்மா தெரியும், நான் என்ன மெக்கானிக்கா?”

இதுதான் அவருடைய வாய்ப்பாடு. காலையில் கேட் திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டுவது வரைக்கும் எத்தனை தடவை சொல்வாரோ, நான் எண்ணியதில்லை. கரண்ட் போனால் “எனக்கு என்ன தெரியும்.” தண்ணீர் லாரி வரவில்லையென்றால் “எனக்கு என்ன தெரியும்.” ஆனால் ஏதாவது நல்லது நடந்துவிட்டால் மட்டும் “நான் அன்னைக்கே சொல்லல?” என்று முன்னால் வந்து நிற்பார். என் வீட்டுக்காரர் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் போகிறவர். சாரை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார்: “உங்க சாரு உடம்பெல்லாம் விளக்கெண்ணெய தடவிகினு பொறந்தவரு. எதையும் மேல ஊத்திப் பாரு, வழிஞ்சி பக்கத்துல நிக்கிறவன் மேல போயிடும்.” அதற்குமேல் நான் என்ன எழுதினாலும் அது வியாக்கியானம்தான்.

வண்டிகளைப் பார்த்துக்கொண்டவன் முனிராஜ். தளி பக்கத்துப் பையன், இருபத்து மூன்று இருபத்து நாலு வயசிருக்கும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. கஸ்டமர்களுக்கு முன்னால் ஒரு வண்டியில் வழிகாட்டிக்கொண்டு போவதும் அவன்தான், போல்ட் முடுக்குவதும் அவன்தான். பைக் செய்கிற கம்பெனி ஒன்றில் டெஸ்ட் ரைடர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தான். ஓட்டிக் காட்டுகிற தேர்வில் பாஸ் ஆகிவிட்டான். போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. “யக்கா, காலம்பூரா புது பைக்கு ஓட்றது. அதுக்குச் சம்பளமும் குடுப்பாங்க. கோயில்ல சாமி கும்பிட்றதுக்கு சம்பளம் குடுக்கற மாதிரி” என்பான். அவன் அம்மா அந்த வேலையை நம்பிப் பெண் பார்க்கவே ஆரம்பித்திருந்தார்.

வண்டி வந்த புதிதில், விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஒரு பகல் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டயரில் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். பைக் டயர் மாதிரி கல்லாக அடித்தால் வண்டி பந்து மாதிரி துள்ளும், மேட்டில் கவிழும். கைப்பிடியில் இருக்கிற சிவப்புக் கயிற்றை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஆள் கீழே விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானாக நிற்கும். பிரேக் ஆயில் கிண்ணத்தில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், தினமும் காலையில் அதில் அளவு பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: காலைக் கீழே வைக்கக் கூடாது. நம் ஊரில் எல்லோரும் பைக்கும் ஸ்கூட்டரும் ஓட்டிப் பழகியவர்கள். வண்டி சாய்கிற மாதிரி இருந்தால் கால் தானாகத் தரையைத் தேடும். இந்த வண்டியில் காலை ஊன்றினால் பின்சக்கரம் வந்து அதே காலின் மேல் ஏறும்.

அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் சார் நிழலில் சேர் போட்டு உட்கார்ந்து ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. சாயங்காலம் அந்த மனிதருக்கு மாம்பழ ஜூஸ் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். “என்னென்னமோ சொன்னாரே, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பாத்துக்குங்க.”

நாங்கள் பார்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தோம். அவர்தான் விடவில்லை. முள் குத்திப் பஞ்சர் ஆகிறது என்று ஆறு வண்டிக்கும் காற்றைக் கல்லாக அடிக்கச் சொன்னார். தன் ஷூவால் டயரை உதைத்துப் பார்த்து, “இப்பிடி இருக்கணும்” என்றார். வண்டி குதிக்கிறதே என்று முனிராஜ் சொன்னதற்கு, “குலுங்கினாத்தானே த்ரில்லு. குலுங்காம போறதுக்கு அவங்க ஏசி பஸ்ல போயிக்குவாங்களே” என்றார். சிவப்புக் கயிறு கஸ்டமர் கை பட்டு அடிக்கடி கழன்று வண்டி நின்றுவிடுகிறது என்று எல்லாக் கயிற்றையும் கழற்றி டிராயரில் போடச் சொன்னார். சீட்டு நீளமாக இருக்கிறதே, இரண்டு பேர் உட்கார வேண்டியதுதானே என்று ஜோடி டிக்கெட் போட்டார். நான் ஹெல்மெட் மாட்டும்போது, “காலைக் கீழ வெக்காதீங்க மேடம்” என்று ஆரம்பித்தால் பின்னால் வந்து நின்றுகொள்வார். “அவங்க ஓட்றதுக்கு வந்திருக்காங்க, கிளாஸ் கேக்க வரல. பயங்காட்டி அனுப்பாதீங்க.”

வெள்ளிக்கிழமை பூஜை மட்டும் தவறாது. அதற்கு மட்டும் அந்த வெள்ளைச் சட்டைக்கை மடங்கும். ஆறு வண்டிக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம், சாமந்திப்பூ. அப்புறம் பொட்டு. கார் என்றால் முகம் தெரியும், பானட்டில் வைப்பார்கள். இந்த வண்டிக்கு நெற்றி எது? சார் தேடித் தேடிக் கண்டுபிடித்த இடம், பிரேக் ஆயில் கிண்ணத்தில் இருந்த அந்த வட்டக் கண்ணாடி. பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது அது. வாராவாரம் சந்தனத்தின் மேல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அது காய்ந்து ஓடாக இறுகிவிட்டது. முனிராஜ் ஒருநாள் ஈரத்துணியை எடுத்தான்.

“டேய், சாமிக்கு வெச்சத அழிக்கறியா? கை வெளங்குமா?”

“உள்ள ஆயில் எவ்ளோ இருக்குதுன்னு தெரியல சார்.”

“தெரியலன்னா விடு. மேல ஒருத்தன் பாத்துகினு இருக்கான்.”

வண்டிகள் பளபளவென்று இருக்கும், அதையும் சொல்ல வேண்டும். தினமும் தண்ணீர் பீச்சிக் கழுவி, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டு, படம் பிடிக்கிறவர்களுக்குத் தோதாக வரிசையாக நிறுத்தச் சொல்வார். ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே அரைப்படி செம்மண் இருக்கும். அது படத்தில் வராது. ஆயுத பூஜைக்கு எங்களுக்கு பிரியாணி போட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரியாணி நன்றாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. முனிராஜ் காலையிலேயே வந்து சொன்னான்: “சார், மூணாம் நம்பர்ல பிரேக்கு தொளதொளன்னு கீது. இன்னிக்கி நிறுத்திடலாம்.”

“சனிக்கிழமையா? ஆறு வண்டி நிக்கறத பாத்துட்டுதான் ஜனம் உள்ளயே வருது. மெதுவா போகச் சொல்லு.”

மதியத்துக்கு முன்னால் ஒரு கன்னடக்காரத் தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். அந்தப் பெண் கவுன்டரில் என்னிடம், இது பத்திரமானதுதானா அக்கா என்று கன்னடத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் சார் குறுக்கே வந்து அரைகுறைக் கன்னடத்தில் சிரித்தார். நாலு சக்கரம் இருக்கிறதம்மா, ரெண்டு சக்கரத்திலேயே விழாதவர்கள் நாலு சக்கரத்தில் எப்படி விழுவீர்கள் என்றார். அவளும் சிரித்துவிட்டாள். ஜோடி டிக்கெட். மூன்றாம் நம்பர்.

முனிராஜ் முன்னால் மெதுவாகத்தான் போனான். மூன்றாவது வளைவு இறக்கத்தில், பின்னால் வந்த வண்டியில் பிரேக்கைப் பிடித்தவருக்குக் கையில் ஒன்றும் சிக்கவில்லை. கல்லு டயர் வரப்பில் ஏறிக் குதித்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தினமும் ஸ்கூட்டியில் போகிறவள். கால் தானாகத் தரைக்குப் போனது. அவள் போட்ட சத்தம் கவுன்டர் வரைக்கும் கேட்டது.

கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. சிராய்ப்போடு தப்பித்த அவள் கணவர் சீட்டு, எக்ஸ்ரே என்று அலைந்துகொண்டிருக்க, ஓசூர் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். வலிக்கு ஊசி போட்டபிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “காலைக் கீழ வைக்காதேன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருப்பேனா அக்கா?” என்று கேட்டாள். திட்டுகிற குரலில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய், சப்-இன்ஸ்பெக்டர் தோப்புக்கே வந்தார். தர்மபுரிக்காரர், சத்தம் போடாமல் பேசுகிறவர். வண்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். சார் இரண்டு கையையும் விரித்தார்.

“நமக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்? இடம் மட்டுந்தான் நம்மளது. வண்டி, பிரேக்கு, ஆளுக்கு சொல்லிக்குடுக்கறது எல்லாமே முனிராஜ்தான். நம்பி விட்டேன். இப்பிடி பண்ணுவான்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?”

முனிராஜ் பக்கத்தில்தான் நின்றான். காலையில் சொன்னேனே என்றான். சொல்லவே இல்லை என்றார் சார். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம்கூட இருந்தது. அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விசாரணை முடிந்துதான் வழக்கு யார்மேல் என்று எழுதுவேன், எல்லோரும் கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. போனார். யார்மேல் எழுதுவார் என்பது எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. வழக்கு இருக்கிற பையனை எந்தக் கம்பெனி டெஸ்ட் ரைடராக எடுக்கும்?

அதற்குப் பிறகு முனிராஜ் வண்டியில் ஏறவில்லை. கழுவுவான், துடைப்பான், அவ்வளவுதான். டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டான்: “யக்கா, நானே அன்னிக்கி மூணாம் நம்பர் சாவிய எடுத்துகினு போயிருக்கணும் இல்ல? சாருக்குதான் ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியுமே. அப்ப எம்மேல தப்புதானே?”

அவனுக்கு நான் என்ன பதில் சொன்னாலும் அந்த ஒரு இடத்திலேயே வந்து நிற்பான். சாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சாரின் மகள் வந்தாள். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறவள். கூட இரண்டு தோழிகள். அப்பா, நாங்கள் ஓட்ட வேண்டும் என்றாள். கூட்டமில்லாத நாள். முனிராஜ் தண்ணீர் கேனோடு மரத்தடியில் நின்றிருந்தான். நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனேன். சார் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த வெள்ளைப் பேன்ட் செம்மண்ணில் முட்டி போட்டது. நாலு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை விட்டார், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் விட்டார். தன் கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, வட்டக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. அடுத்த வண்டிக்குப் போய் அதையும் துடைத்தார். மூன்றாவதாகப் பார்த்த வண்டியில்தான் திருப்திப்பட்டு, அதற்கும் அதே மாதிரி காற்றைக் குறைத்தார். டிராயரிலிருந்து சிவப்புக் கயிறு வந்தது. அதை மகள் மணிக்கட்டில் மாட்டி, இழுத்து, இன்ஜின் நிற்கிறதா என்று பார்த்தார். ஹெல்மெட் வாருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். ஒரு தோழி பின்னால் ஏறப்போனாள்.

“வேணாம்மா, இதுல ரெண்டு பேர் கூடாது. சீட்டு நீளமா இருக்கறது ஒரே ஆளு முன்ன பின்ன நகந்து உக்கார்றதுக்கு.” பிறகு மகள் பக்கம் குனிந்தார். “கண்ணு, எது நடந்தாலும் காலைக் கீழ வெக்காத. ஸ்கூட்டர் பழக்கத்துல வெக்கத் தோணும். வெச்சா பின்சக்கரம் ஏறிடும். புரிஞ்சுதா? எங்க, நீ சொல்லு பாக்கலாம்.”

அவள் சொன்னாள். திருப்பி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

நிழலில் உட்கார்ந்து ஃபோனைத் தேய்த்துக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறார் மனிதர். ஒரு சொல் சிந்தவில்லை.

முனிராஜ் கேனை வைத்துவிட்டு வந்தான். “சார், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா சார்?”

சார் முட்டியில் இருந்த மண்ணைத் தட்டினார். “என்ன பெருசா... எங்கயோ கேட்டது.”

“எங்கப்பாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லண்ணா” என்று மகள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நல்ல பெண். அழகாக, நிதானமாக ஓட்டினாள்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று மூன்று பேரும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். சார் பழைய பாட்டையே பாடினார். இந்த முறை முனிராஜ் தலையைக் குனியவில்லை, எஸ்.ஐ.யைப் பார்த்துச் சொன்னான்.

“அவருக்கு எல்லாந் தெரியும் சார். எனக்குத் தெரிஞ்சதவிட ஜாஸ்தி தெரியும்.”

“தெரியாதுங்க” என்றார் சார்.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். தோப்பில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். “நான் இவருகிட்ட சம்பளம் வாங்கறவ, என் பேச்ச நம்ப வேணாங்க. அந்தப் பொண்ணையே கேளுங்க. அப்பா என்ன சொன்னாருன்னு ஒப்பிச்சிரும். ரெண்டுவாட்டி சொல்லச் சொல்லிதான் அனுப்பினாரு.”

“பொண்ணு நம்பர் குடுங்க. நாளைக்கி ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போகட்டும்” என்றார் எஸ்.ஐ.

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பொம்பளப் புள்ளைங்க. படிக்கற புள்ள. அத எதுக்கு ஸ்டேஷனுக்கு...”

“அப்ப நீங்களே சொல்லுங்க.”

 பிறகு சார் உட்கார்ந்தார், சொன்னார். காற்று எவ்வளவு இருக்க வேண்டும், எதனால் கூட்டி அடித்தோம். கயிறு எதற்கு, ஏன் கழற்றினோம். பிரேக் கண்ணாடியில் எதைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஏறினால் வண்டி எந்தப் பக்கம் கனக்கும். கால் விஷயம். சனிக்கிழமை காலையில் முனிராஜ் வந்து சொன்னது, தான் என்ன பதில் சொன்னது என்பது வரைக்கும். வரிசை மாறாமல், நல்ல வாத்தியார் பாடம் நடத்துவது மாதிரி சொன்னார். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்திவிட்டு, “இவ்ளோ வெவரமான ஆளு, இத டிக்கெட் வாங்கறவங்ககிட்ட சொல்லியிருந்தா போதுமேங்க” என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே வியந்தாரா தெரியவில்லை.

தெரியாமல் செய்தவர் என்றால் எனக்கு அவர்மேல் பரிதாபமாவது மிஞ்சியிருக்கும். அத்தனையும் தெரிந்துவைத்துக்கொண்டு, தன் பெண் ஒருத்திக்கு மட்டும் அதை எடுத்துச் செலவழித்தார். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குச் சந்தனப் பொட்டு போதும் என்று இருந்துவிட்டார். அன்றைக்கு வாயைத் திறந்ததும் மனசாட்சி உறுத்தி அல்ல. பெண் ஸ்டேஷன் படி ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

முனிராஜ் மேல் வழக்கு இல்லை, அவனைச் சாட்சியாகத்தான் எழுதுகிறேன் என்று எஸ்.ஐ. சொன்னார். அவன் அங்கேயே, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதான். வெளியில் வந்ததும் அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கன்னடத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், முடிக்க வரவில்லை. ஃபோனை வாங்கி நான்தான் மிச்சத்தைச் சொன்னேன்.

அப்போது சாரின் கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. திட்டப்போகிறார், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். முகம் எப்போதும்போல் சாந்தமாக இருந்தது.

“ஏம்மா, சனிக்கிழமை காலேஜ் பசங்க குரூப்பு ஒண்ணு வருது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நேரமே வந்துருவீங்கல்ல?”

முனிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை உதைத்தான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சக்கரத்தில் மாட்டாமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு தடவை பார்த்தேன். கார் அங்கேயேதான் நின்றது. கண்ணாடி ஏறவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.